உங்கள் கார் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு சாப்பிடுகிறது? ஒரு டாக்டரின் ஐந்து வருடக் கணக்கு (நீண்ட இழை)

1) "டாக்டர், மாசம் பதினோராயிரம் இஎம்ஐதான். சமாளிச்சிடலாம்ல?"

பிபி பார்த்து முடித்து, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சமீபத்தில் அதிகமாகிட்டாங்க. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18% ஆகக் குறைந்ததும் ஒரு காரணம். விலை குறைஞ்சிருக்கு, வாங்கிடலாம்னு ஒரு வேகம்.

நான் நிதி ஆலோசகர் இல்லை. ஊசி போடுற ஆள். ஆனா இந்தக் கேள்வியை ஏன் டாக்டர் பேச வேண்டியிருக்குன்னு இழையின் நடுவில் சொல்றேன். அதுவரை பொறுமையா வாங்க.

2) முதலில் ஒரு விஷயம். "கார் வாங்காதீங்க" என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை.

டூவீலரில் அப்பா, அம்மா, நடுவில் ஒரு பிள்ளை, பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பிள்ளை என்று போகும் குடும்பத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அவசரப் பிரிவில் வேலை பார்த்த எந்த டாக்டருக்கும் கலங்கும். அந்தக் குடும்பத்துக்கு நாலு சக்கரம் ஆடம்பரம் கிடையாது.

வாங்குங்க. ஆனா எவ்வளவு ஆகும்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

3) நான் கார் வாங்கியது 2020 ஜனவரியில். அதுக்கு முன்னாடி பல வருஷம் ஸ்கூட்டர்தான். "என்ன டாக்டர், இன்னும் டூவீலர்லயா வர்றீங்க?" என்று மெடிக்கல் ஷாப் அண்ணனிலிருந்து சொந்தக்காரர் கல்யாணம் வரைக்கும் கேட்காதவர்கள் இல்லை.

1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஆன்ரோடு விலை 7,40,000 ரூபாய். கையிலிருந்து 1,90,000. பேங்க் லோன் 5,50,000. வட்டி 9%, ஐந்து வருடம். இஎம்ஐ 11,417.

4) மருத்துவக் கல்லூரியில் சீனியர்கள் எங்களுக்குள் ஏற்றிவிட்ட ஒரு பழக்கம் உண்டு. கேஸ் ஷீட்டில் எழுதாதது நடக்காததற்குச் சமம். ஊசி போட்டியா? எழுது. எழுதலைன்னா போடலை.

அதே பழக்கத்தில் காருக்கும் ஒரு கேஸ் ஷீட் போட்டேன். டேஷ்போர்டுக்குள் ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பேனா. பெட்ரோல் போட்டால் தேதி, லிட்டர், ரூபாய், ஓடிய கி.மீ. பஞ்சர் ஒட்டினால் அதுவும். கோயில் வாசலில் பார்க்கிங்குக்குக் கொடுத்த 30 ரூபாயும்.

2024 டிசம்பரோடு ஐந்து வருடம் முடிந்தது. ஓடியது 60,000 கி.மீ. மாதத்துக்குச் சராசரியாக 1,000 கி.மீ.

இப்போ நோட்டைப் பிரிக்கலாம்.

5) பெட்ரோல்

காட்டலாக்கில் லிட்டருக்கு 21 என்று போட்டிருந்தது. டவுன் டிராஃபிக், ஏசி, ஸ்பீடு பிரேக்கர் எல்லாம் சேர்ந்து எனக்குக் கிடைத்தது 16. யாரையும் குறை சொல்வதற்கில்லை. சோதனைக் கூடத்து மைலேஜ் வேறு, பஸ் ஸ்டாண்ட் முக்கு மைலேஜ் வேறு.

60,000 கி.மீ.க்கு 3,750 லிட்டர். வாங்கும்போது லிட்டர் 78 ரூபாய் பக்கம் இருந்தது. 2022 ஏப்ரலில் 110-ஐத் தாண்டியது. பிறகு 101 பக்கத்தில் நின்றது. என் நோட்டில் சராசரி 97.

மொத்தம்: 3,64,000 ரூபாய்.

பெரும்பாலானவங்க "கார் செலவு" என்று மனசுக்குள் வைத்திருப்பது இந்த ஒரு வரியை மட்டும்தான்.

6) சர்வீஸ், டயர், மற்றவை

வருடாந்திர சர்வீஸ் எல்லாம் சேர்த்து: 38,000
45,000 கி.மீ.யில் நாலு டயர், அலைன்மென்ட், பேலன்சிங்: 22,000
நாலாவது வருடம் பேட்டரி: 5,500
பிரேக் பேட், வைப்பர், ஏசி ஃபில்டர், பஞ்சர் வகையறா: 11,000
கீறல், நெளிசல், ஒரு தடவை பின் பம்பர்: 12,000

மொத்தம்: 88,500 ரூபாய்.

பம்பருக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டிருக்கலாமேன்னு கேட்பீங்க. சின்னச் சின்னதுக்குக் கிளெய்ம் போட்டால் அடுத்த வருட பிரீமியத்தில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் போயிடும். கணக்குப் பார்த்து கைக்காசு போட்டேன்.

7) இன்சூரன்ஸ்

முதல் வருட பிரீமியம் ஆன்ரோடு விலைக்குள்ளேயே அடக்கம். புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி காப்பீட்டை மொத்தமாக எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறை. அதனால் இரண்டாம், மூன்றாம் வருடம் பிரீமியம் கொஞ்சம் கம்மி. நாலாம் வருடம் திடீர்னு ஏறும். பலர் அப்போ ஏஜென்ட் கிட்ட சண்டைக்குப் போவாங்க. தப்பு அவர் மேல் இல்லை.

மீதி நாலு வருடத்துக்கு: 49,000 ரூபாய்.

8) சில்லறைச் செலவு

டோல்: 31,000
பார்க்கிங்: 14,000
காலையில் தண்ணி விட்டுத் துடைக்கிற அண்ணனுக்கு மாதம் 400 வீதம்: 24,000

மொத்தம்: 69,000 ரூபாய். சில்லறை என்று பேர், ஆனா இன்சூரன்ஸை விட அதிகம்!

தேசிய நெடுஞ்சாலையில் அடிக்கடி போறவங்களுக்கு ஒரு தகவல். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்திருக்கு. அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய். 200 பயணம் அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. வேலைக்குத் தினமும் டோல் தாண்டுறவங்க கணக்குப் போட்டுப் பாருங்க.

9) இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியுற செலவு. பர்ஸைத் திறந்து கொடுத்தது.

இனி வரப்போவது பிபி மாதிரி. வலிக்காது, காய்ச்சல் வராது, உள்ளே வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு நாள் டெஸ்ட் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

10) தேய்மானம்

வாங்கியது 7,40,000. ஐந்து வருடம் முடிந்ததும் தெரிந்த மெக்கானிக் ஒருத்தரிடமும், பழைய கார் வாங்கி விற்கும் இரண்டு பேரிடமும் விலை கேட்டேன். மூன்று பேர் சொன்னதில் நடு விலை 3,90,000.

ஆக, கரைந்தது 3,50,000 ரூபாய். கிட்டத்தட்ட ஐந்து வருடப் பெட்ரோல் காசு அளவுக்கு, ஒரு பில்கூட இல்லாமல் போயிருக்கு.

இன்சூரன்ஸ்காரர்கள் இதற்கு ஒரு அட்டவணையே வைத்திருக்காங்க. ஆறு மாதம் வரை 5%, ஒரு வருடம் வரை 15%, இரண்டு வருடம் வரை 20%, மூன்று வரை 30%, நாலு வரை 40%, ஐந்து வரை 50% கழித்துத்தான் உங்க வண்டிக்கு மதிப்பு போடுவாங்க.

ஆன்ரோடு விலையில் ஆயுள் வரி, பதிவுச் செலவு, முதல் இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு. விற்கும்போது அதையெல்லாம் யாரும் தனியாக எண்ணித் திருப்பித் தர மாட்டாங்க. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 5 லட்சம் வரையுள்ள காருக்கு 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. 8 லட்சம் கார் என்றால் வரி மட்டும் 1,04,000.

11) வட்டி

11,417 × 60 மாதம் = சுமார் 6,85,000. வாங்கிய கடன் 5,50,000. வட்டி 1,35,000 ரூபாய்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுறேன். இஎம்ஐ முழுவதையும் செலவு என்று எழுதினால், தேய்மானத்தையும் எழுதினால், ஒரே பணத்தை இரண்டு தடவை எழுதினது ஆயிடும். கடனின் அசல் காராக மாறி வாசலில் நிற்குது. அந்தக் கார் எவ்வளவு கரைஞ்சதோ அது தேய்மானம். அதனால் செலவுக் கணக்கில் வட்டி மட்டும்தான் வரணும்.

12) கைக்காசு போட்டதற்கும் ஒரு விலை இருக்கு

டவுன் பேமென்ட்டாகக் கொடுத்த 1,90,000-ஐ 6% வட்டிக்கு ஐந்து வருடம் டெபாசிட்டில் போட்டிருந்தால் சுமார் 64,000 வந்திருக்கும். அது வரவில்லை. வராத வருமானமும் செலவுதான்.

"ரொக்கமா வாங்கினேன், எனக்கு வட்டியே இல்லை" என்று சொல்றவங்களுக்கும் இது பொருந்தும். உங்களுக்கு இந்த வரி இன்னும் பெருசா இருக்கும்.

13) இப்போ கூட்டல்.

தேய்மானம்: 3,50,000
வட்டி: 1,35,000
டெபாசிட் இழப்பு: 64,000
பெட்ரோல்: 3,64,000
இன்சூரன்ஸ்: 49,000
சர்வீஸ், டயர்: 88,500
டோல், பார்க்கிங், துடைப்பு: 69,000

மொத்தம்: 11,19,500 ரூபாய்.

60 மாதத்தால் வகுத்தால் மாதம் 18,658.
60,000 கி.மீ.யால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் 66 காசு.

பெட்ரோல் மட்டும் கிலோமீட்டருக்கு 6 ரூபாய்தான். அதாவது பெட்ரோல் பங்கில் ஒரு ரூபாய் கொடுத்தால், அதன் பின்னால் இன்னும் இரண்டு ரூபாய் சத்தமில்லாமல் போகுது.

14) இது சொகுசுக் கார் கணக்கு இல்லைங்க. டவுனில் எந்தத் தெருவிலும் நிற்கிற சாதாரணச் சின்ன கார்.

இன்னொரு கணக்கும் இருக்கு. தேய்மானத்தை விட்டுவிட்டு, லோன் காலத்தில் கையை விட்டுப் போகும் ரொக்கத்தை மட்டும் பாருங்க. இஎம்ஐ 11,417. பெட்ரோல் 6,067. இன்சூரன்ஸ் 817. சர்வீஸ், டயர் 1,475. டோல் வகையறா 1,150.

மாதம் 20,926.

"பதினோராயிரம்தானே" என்று ஆரம்பித்தது இருபத்தோராயிரத்தில் வந்து நிற்கிறது. இஎம்ஐ-யை மட்டும் பட்ஜெட்டில் எழுதியவருக்கு மாசக் கடைசியில் எந்த ஓட்டை வழியாக் காசு போகுதுன்னே தெரியாது.

15) அடுத்தது ரொம்ப முக்கியம். மேலே உள்ள செலவை இரண்டாகப் பிரிக்கணும்.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு: தேய்மானம், வட்டி, டெபாசிட் இழப்பு, இன்சூரன்ஸ், துடைப்பு. மொத்தம் 6,22,000. நாளைக்கு 340 ரூபாய்.

ஓடினால் மட்டும் ஆகும் செலவு: பெட்ரோல், சர்வீஸ், டயர், டோல், பார்க்கிங். மொத்தம் 4,97,500. கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 30 காசு.

(கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதிகம் ஓடின வண்டிக்கு விற்பனை விலை இன்னும் குறையும். ஓடாத வண்டிக்கும் பேட்டரி போகும். வீட்டுக் கணக்குக்கு இது போதும்.)

வாசலில் கவர் போட்டு மூடி நிற்கும் காரும் நாள் வாடகை 340 ரூபாய் வாங்கிக்கிட்டுதான் நிற்குது.

16) அப்போ மாதம் 300 கி.மீ. மட்டும் ஓட்டுறவருக்கு என்ன ஆகும்?

நிலையான செலவு 10,367 + ஓட்டத்துக்கு 2,490 = சுமார் 12,860. கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 43 ரூபாய்.

டாக்சிக்கு கிலோமீட்டருக்கு 25 ரூபாய் கொடுத்தாலும் அதே 300 கி.மீ.க்கு 7,500தான் ஆகும். டிரைவரும் சேர்த்து!

என் கார் மாதிரி ஒரு காருக்கு, டாக்சி 25 ரூபாய் என்றால் மாதம் 620 கி.மீ. தாண்டினால்தான் சொந்தக் கார் லாபம். டாக்சி 20 ரூபாய் என்றால் 885 கி.மீ. உங்க ஓட்டம் இதற்குக் கீழே இருந்தால், நீங்க கொடுக்கிற கூடுதல் காசு வசதிக்கும் நிம்மதிக்கும். கொடுக்கலாம், தப்பே இல்லை. ஆனா அதுக்குத்தான் கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும்.

17) எனக்கு இந்தக் காசு தகுமா? தகும்.

மருத்துவமனைக்குப் போக வர தினமும் 34 கி.மீ. நைட் டூட்டி உண்டு. 2020 ஊரடங்கில் பஸ் ஓடாத மாதங்களில் ஒரு நாள்கூட லீவு போடாமல் போனது இந்தக் காரில்தான். கூட வேலை பார்த்த இரண்டு நர்ஸ் அக்காக்களும் அதில்தான் வந்தாங்க. அதுக்கு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் 66 காசு கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

என் வருமானத்துக்கும் என் ஓட்டத்துக்கும் அது சரி. இன்னொருத்தருக்கு அதே கார் எப்படி ஆகும்? இப்போ நான் முன்னாடி சொன்ன இடத்துக்கு வர்றேன்.

18) என்னிடம் சில வருடமாக சர்க்கரைக்கு வந்துகொண்டிருந்தவர் ஒருவர். நாற்பதுகளில் வயசு. (யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கேன்.) நல்ல கட்டுப்பாடு. மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 7.3-ல் இருந்தார்.

நடுவில் பல மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது 10.6. பாதம் மரத்துப்போகுது என்றார். சிறுநீரில் புரதம் எட்டிப்பார்க்க ஆரம்பித்திருந்தது.

சாப்பாடு, நடை, தூக்கம், மன அழுத்தம் எல்லாம் கேட்டேன். தலையை ஆட்டிக்கிட்டே இருந்தார். கூட வந்த அவர் மனைவிதான் சொன்னாங்க.

"சார், இவரு ரெண்டு வேளை மாத்திரைய ஒரு வேளையாக்கிட்டாரு. காசு இல்லைங்கறாரு. கேட்டா கத்துறாரு."

19) சம்பளம் 42,000. இரண்டு வருடம் முன்பு 8,50,000-க்குக் கார். 1,30,000 கைக்காசு, 7,20,000 லோன். ஏழு வருடம், 9.5% வட்டி. இஎம்ஐ சுமார் 11,770.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று பேருமாகக் கணக்குப் போட்டோம். இஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ், பக்கத்து வீட்டு வளாகத்தில் நிறுத்துவதற்கு மாத வாடகை. மொத்தம் மாதம் 16,890. சம்பளத்தில் 40%.

வண்டி எவ்வளவு ஓடியிருக்குன்னு கேட்டேன். இரண்டு வருடத்தில் 7,900 கி.மீ. சொச்சம். மாதம் 330. வேலைக்கு அவர் பைக்கில்தான் போறார். கார் ஞாயிற்றுக்கிழமைக்கும் விசேஷத்துக்கும்.

அவருடைய சர்க்கரை மாத்திரைக்கு மாதம் 2,400. குடும்பத்துக்கு எடுத்திருந்த ஹெல்த் இன்சூரன்ஸ் வருடம் 22,000. மாத்திரை பாதியாயிடுச்சு. இன்சூரன்ஸைப் புதுப்பிக்கவே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கணும். இவர் அதற்குள் வர மாட்டார்.

அந்த 330 கி.மீ.யை 25 ரூபாய் டாக்சியில் போயிருந்தால் 8,250. மிச்சமாகும் 8,640-ல் மாத்திரையும் வாங்கி, இன்சூரன்ஸும் கட்டி, பாதிக்கு மேல் கையில் நின்றிருக்கும்.

20) "இன்ஸ்டால்மென்ட் தவறினா சிபில் போயிடும் சார்" என்றார்.

"சிபில் ஸ்கோர் போனா ரெண்டு மூணு வருஷத்துல ஏத்திடலாம்ணே. கிட்னி போனா ஏத்த முடியாது" என்றேன்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சர்க்கரையால் கிட்னி முழுசாகச் செயலிழந்தவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ். அன்றைக்கெல்லாம் வேலைக்குப் போக முடியாது. அந்தச் செலவுக்கு எந்த பேங்கும் ஏழு வருடத் தவணை போட்டுத் தராது.

இந்த மனிதர் குடிக்கிறவர் இல்லை, சூதாடுறவர் இல்லை. ஒரு தவணையும் தவறாமல் கட்டியவர். நாணயமான ஆள் என்பதால்தான் மாத்திரையை நிறுத்தி இஎம்ஐ-யைக் கட்டியிருக்கார். இஎம்ஐ தவறினால் மறுநாளே போன் வரும். மாத்திரை தவறினால் யாரும் போன் பண்ண மாட்டாங்க. அதுதான் பிரச்சினை.

21) ஏழு வருட லோனின் இன்னொரு முகம் அப்போதான் அவருக்குத் தெரிந்தது.

24 மாதத்தில் அவர் கட்டியது சுமார் 2,82,000. அசலில் குறைந்தது 1,60,000 மட்டும். மீதி வட்டி. இன்னும் 5,60,000 பாக்கி.

வண்டியை விற்கக் கேட்டால் 5,85,000 சொன்னாங்க. லோனை முடித்து, முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணமும் போக கையில் மிஞ்சினது சில ஆயிரம். இருந்தும் வீட்டில் பேசி விற்றார். சின்ன மகள் இரண்டு நாள் பேசவில்லையாம்.

மாத்திரையை முழு அளவுக்குக் கொண்டு வந்தோம். அதில் சிலது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. மெட்ஃபார்மின் போன்ற அடிப்படை சர்க்கரை, பிபி மாத்திரைகள் அங்கே உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடியும் தர்றாங்க. காசு இல்லைன்னு மாத்திரையை நிறுத்துறவங்க, தயவுசெய்து நிறுத்துவதற்கு முன் அங்கே போய்க் கேளுங்க.

எச்பிஏ1சி இறங்கிக்கிட்டு இருக்கு. இன்னும் 8-க்குக் கீழே வரலை. பாதத்தின் மரத்துப்போன உணர்வு அப்படியேதான் இருக்கு.

22) "இருந்தாலும் டாக்டர், ஒரு அவசரம்னா கார் வேணுமே?"

இந்தக் காரணத்தைச் சொல்லாமல் கார் வாங்கியவர்களே இல்லை. இதுக்கு மட்டும் டாக்டராகவே பதில் சொல்றேன்.

நெஞ்சுவலி, பக்கவாதம், மூச்சுத்திணறல், பெரிய விபத்து. இவற்றுக்கு உங்க காரை விட 108 நல்லது. ஆக்சிஜன் உண்டு, பயிற்சி பெற்ற ஆள் உண்டு, எந்த மருத்துவமனைக்குப் போகணும்னு அவங்களுக்குத் தெரியும். காசு கிடையாது. தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுது.

நெஞ்சுவலியோடு தானே ஸ்டியரிங் பிடித்து வருவது மிகவும் ஆபத்து. நடுவழியில் நினைவு தப்பினால் உங்களுக்கு மட்டுமா ஆபத்து? எதிரில் வர்றவருக்கும்தான்.

108 வர நேரமாகும் என்று அவங்களே சொன்னால், கிடைக்கிற வண்டியில் ஏறுங்க. பக்கத்து வீட்டுக் கார், ஆட்டோ எதுவானாலும் சரி. அந்த ஒரு நாளுக்காக 365 நாளும் 340 ரூபாய் கட்டணுமா என்பதை மட்டும் யோசிங்க. அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஹெல்த் இன்சூரன்ஸாக மாறினால், மருத்துவமனை வாசலுக்கு அப்புறம் நடக்கிற அவசரத்துக்கும் உதவும்.

23) சரி, கணக்குப் பார்த்தாச்சு, கார் தேவைதான் என்கிறவங்களுக்கு, நான் என் தம்பிக்குச் சொன்னதையே சொல்றேன்.

அ) வரிசை முக்கியம். முதலில் குடும்பத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ். அடுத்து, சம்பாதிப்பவருக்கு டேர்ம் இன்சூரன்ஸ். அடுத்து மூன்று மாதச் செலவு பேங்கில். நாலாவதாகக் கார்.

ஆ) பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துக் காருக்கு ஆகும் மொத்த ரொக்கம், கைக்கு வரும் சம்பளத்தில் 15%-க்குள் இருக்கட்டும். இது என் கை அளவு. வேதவாக்கு இல்லை. 40% என்பது மட்டும் நிச்சயம் யாருக்கும் ஆகாது.

இ) தவணை ஏழு வருடம் போட்டால்தான் கட்ட முடியும் என்றால், அந்தக் கார் உங்க பட்ஜெட்டுக்கு மேல். ஒரு படி கீழே பாருங்க.

ஈ) மூன்று நாலு வருடம் ஓடின பழைய கார் கேவலம் இல்லை. பெரிய தேய்மானத்தை முதல் ஓனர் சாப்பிட்டு முடித்திருப்பார். நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்க. சர்வீஸ் ரெக்கார்டு கேளுங்க.

உ) வண்டியின் விலை 10 லட்சத்தின் பக்கம் வரும்போது ஆயுள் வரி எந்தப் படியில் விழுதுன்னு ஷோரூமில் எழுதி வாங்குங்க. சன்ரூஃப் ஆசையில் 13% படியைத் தாண்டி 18%-க்குப் போறவங்க நிறைய.

ஊ) மின்சாரக் காருக்கும் இதே கேஸ் ஷீட்தான். ஓட்டச் செலவு ரொம்பக் குறையும். ஆனா வண்டி விலை, தேய்மானம், வட்டி அப்படியே இருக்கும். நிறைய ஓட்டுறவருக்கு லாபம். வாசலில் நிறுத்துறவருக்கு இல்லை.

24) குறைக்கக் கூடாத செலவுகளும் இருக்கு. இதையும் சொல்லாமல் விட்டால் நான் டாக்டர் இல்லை.

டயர். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே தப்பு. மழையில் அது ஐஸ் மேல் ஓட்டுவதற்குச் சமம்.
பிரேக் பேட். சத்தம் வந்த பிறகு பார்த்துக்கலாம் என்பது கூடாது.
இன்சூரன்ஸ். ஒரு நாள்கூட விடுபடக் கூடாது.
சீட் பெல்ட். காசே இல்லை. பின் சீட்டில் இருப்பவரும் போடணும். பிள்ளையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்காராதீங்க. பிரேக் அடித்தால் உங்க கையால் பிடிக்க முடியாது. ஏர்பேக் விரிந்தால் நடுவில் இருப்பது பிள்ளைதான்.

பணம் மிச்சம் பிடிக்க ஆயிரம் வழி இருக்கு. இந்த நாலில் பிடிக்காதீங்க.

25) கடைசியாக, ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரியே பத்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு.

வாங்கிய ஆன்ரோடு விலையிலிருந்து இன்றைக்கு விற்றால் கிடைக்கும் விலையைக் கழிங்க.
அதோடு இதுவரை கட்டிய வட்டியைச் சேருங்க. லோன் ஸ்டேட்மென்ட்டில் தனியாகவே இருக்கும்.
இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் பில்களைச் சேருங்க.
ஓடிய கி.மீ.யை உங்க நிஜ மைலேஜால் வகுத்து, பெட்ரோல் விலையால் பெருக்கிச் சேருங்க.
மொத்தத்தை மீட்டரில் காட்டும் கி.மீ.யால் வகுங்க.

வரும் எண்ணைப் பார்த்து அதிர்ச்சி ஆகாதீங்க. பில் எல்லாம் இல்லைன்னா பெட்ரோல் செலவை மூன்றால் பெருக்குங்க. என்னைப் போல் மாதம் 1,000 கி.மீ. ஓட்டுறவருக்குக் கிட்டத்தட்ட சரியாக வரும். குறைவாக ஓட்டுறவருக்கு இன்னும் அதிகம்.

26) அந்தக் கணக்கைத் தனியாக உட்கார்ந்து போடாதீங்க. கணவன், மனைவி, விவரம் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து போடுங்க. எந்தச் செலவு குறையுது, எந்த மாத்திரை நிற்குது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியணும்.

என்னிடம் வந்தவர் ஏழெட்டு மாதம் ஒரு வேளை மாத்திரையோடு இருந்திருக்கார். மனைவிக்குக் கடைசி இரண்டு மாதம்தான் தெரியும்.

அடுத்த தடவை உங்க டாக்டரைப் பார்க்கப் போகும்போது, பணக் கஷ்டத்தில் ஏதாவது மருந்தை விட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்க. விலை குறைந்த மாற்று மருந்து இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் இடம் இருக்கும். சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

கார் வாங்கப் போறவங்களுக்கு இந்த இழையை அனுப்புங்க. பத்திரமா ஓட்டுங்க. மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க.